சூப்பர்வைசர் ஆன பிறகு என்ன கற்பது?



ஆரணியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள நம் பிள்ளைகள் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய்கண்டிகையிலும் வேலை பார்க்கிறார்கள். ஆபரேட்டராகச் சேரும் பிள்ளை நாலைந்து வருடத்தில் லைன் லீடராகிறான், பிறகு சூப்பர்வைசர். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதே பொறுப்பில் பத்து வருடம் நின்றுவிடுகிறவர்களைப் பார்க்கிறோம். ஒரே வருடத்தில் "எனக்கு இது ஒத்துவராது" என்று பழைய மெஷினுக்கே போகக் கேட்கிறவர்களையும் பார்க்கிறோம். பெரும்பாலும் திறமைக் குறைவு இதற்குக் காரணமில்லை. நன்றாக மெஷின் ஓட்டியவரிடம் இருபது ஆட்களை ஒப்படைக்கிறார்கள். ஆட்களை நடத்தச் சொல்லிக்கொடுப்பதில்லை. அவரும் அடுத்து எதைக் கற்பது என்று தனக்கு ஓர் இலக்கு வைத்துக்கொள்வதில்லை.

இது பழைய சிக்கல்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ஆலைகளில் அனுபவசாலிகள் ராணுவத்துக்குப் போய்விட, புதியவர்கள் வந்து நிறைந்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய சூப்பர்வைசர்களுக்கே பயிற்சி இல்லை. 1940-ல் அந்நாட்டு அரசு 'டி.டபிள்யூ.ஐ.' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு பாடமும் இரண்டு மணி நேர வகுப்புகள் ஐந்து, அவ்வளவுதான். 1945-க்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பயிற்சி பெற்றார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போய், டொயோட்டா போன்ற நிறுவனங்களில் வேரூன்றியது.

சூப்பர்வைசருக்கு ஐந்து தேவைகள் என்று அந்தத் திட்டம் வகுத்தது: வேலையைப் பற்றிய அறிவு, பொறுப்புகளைப் பற்றிய அறிவு, சொல்லிக்கொடுக்கும் திறன், வேலை முறையைச் சீராக்கும் திறன், ஆட்களோடு பழகி வேலை வாங்கும் திறன். தமக்கு இலக்கு தேடுகிறவர்கள் இந்த ஐந்தில் எது தம்மிடம் குறைகிறது என்று பார்த்தாலே போதும்.

முதலாவது நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இருக்கிறது. இரண்டாவதில்தான் எங்களுக்குக் கவலை. டார்கெட்டை எட்டுவதற்காக பிரஸ் மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவைத்து ஓட்டுகிறார்கள் என்றால், அதைப் பார்த்தும் பேசாமல் இருந்த சூப்பர்வைசரும் அதற்குப் பொறுப்பு. ஒருவருக்கு விரல் போனால் முதல் கேள்வி அவரிடம்தான் வரும். மிகைநேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் காலத்திலிருந்தே உள்ள விதி. தன் கீழ் வேலை செய்கிறவருக்கு அது சேருகிறதா என்று தெரியாமல் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுவது நல்லதில்லை. தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் தொழிற்சாலைப் பாதுகாப்புக்கென்றே பயிற்சிகள் நடக்கின்றன. கம்பெனி மூலமாக அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

சொல்லிக்கொடுக்கும் திறனுக்கு அந்தத் திட்டம் நான்கு படிகள் வைத்தது. முதலில் ஆளின் பதற்றத்தைப் போக்கி, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. பிறகு வேலையை ஒவ்வொரு படியாகச் செய்துகாட்டி, ஏன் அப்படிச் செய்கிறோம் என்று சொல்வது. அடுத்து அவரையே செய்யவைத்து, வாயால் விளக்கவும் வைப்பது. கடைசியாகத் தனியே விட்டு, அடிக்கடி போய்ப் பார்ப்பது. நம் பகுதியில் இதற்கு மொழியும் வேண்டும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் லைனில் நிறைய. வீட்டில் உருது பேசும் பிள்ளைகளுக்கு இந்தி புரிவதும் பேசுவதும் எளிது. அதை ஒரு தகுதியாக நினைத்து மேலதிகாரியிடம் சொன்னவர்கள் மிகக் குறைவு! தமிழ் மட்டும் பேசும் வீட்டுப் பிள்ளைகள் வேலைக்கு வேண்டிய நூறு வார்த்தையைப் பக்கத்தில் நிற்கிறவரிடமே கற்கலாம்.

இலக்கை எப்படி எழுதுவது? "நல்ல லீடராக வேண்டும்" என்று எழுதினால் அது துஆ, இலக்கு ஆகாது. "புதிய ஆள் தனியாக வேலை செய்ய இப்போது பதினைந்து நாள் ஆகிறது. மார்ச் முடிவதற்குள் அதைப் பத்து நாளாக்குவேன்" என்பதுதான் இலக்கு. லைனில் மணிக்கு மணி எத்தனை பீஸ், எத்தனை ரிஜெக்‌ஷன் என்று போர்டில் எழுதுகிறவர்கள் தமக்கென்று ஒரு போர்டு வைப்பதில்லை. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல், இந்தியாவிலேயே முதலாவதாக, ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. டெமிங்கின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் முறை எளியது: திட்டமிடு, செய், சரிபார், திருத்து. கம்பெனிச் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த வட்டத்தை நம் கற்றலுக்கும் போடலாம். ஆறு மாதத்துக்கு இரண்டு இலக்குக்கு மேல் வேண்டாம்.

சான்றிதழ்களைச் சேர்த்துக்கொண்டே போவதில் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. ஆயிரக்கணக்கில் கட்டி 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' சேருவதைவிட, ஷிப்ட் ரிப்போர்ட்டைப் பிழையில்லாமல் மெயிலில் எழுதவும் எக்செல்லில் கணக்குப் போடவும் பழகுவது பலன் தரும். படிப்புத் தகுதியே தடையாக நிற்கிறவர்களின் நிலை வேறு. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்தில் என்னென்ன குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன என்று ஒரு நடை போய் விசாரிக்கலாம்.

வீட்டாரிடமும் ஒரு வார்த்தை. நைட் ஷிப்ட் முடித்து வந்தவருக்குப் படிக்க வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கிக் கொடுப்பது பெற்றோர், மனைவி கையில்தான் இருக்கிறது. பேக்கிங், எலக்ட்ரானிக்ஸ் லைன்களில் பொறுப்புக்கு வந்திருக்கும் நம் சகோதரிகளுக்கு அந்த நேரம் கிடைப்பது இன்னும் கடினம். வீட்டு வேலையும் அவர்கள் தலையில்தான். அதைக் கணவரும் மாமியாரும் பகிர்ந்தால்தான் நடக்கும்.

பல கம்பெனிகளில் அப்ரைசல் ஏப்ரலை ஒட்டி வருகிறது. ஜனவரியிலேயே இரண்டு இலக்குகளையும் ஒரு தாளில் எழுதி, இப்போதைய கணக்கை அதன் பக்கத்திலேயே குறித்து, மேலதிகாரியிடம் காட்டிவிடுங்கள். வேண்டிய பயிற்சியையும் அப்போதே பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தாளை எழுத உதவி வேண்டுமென்றால் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம்.