சோறு தின்ற மாடு ஏன் நொண்டுகிறது?

விசேஷம் முடிந்ததும் மிஞ்சிய சோற்றை மாட்டுத் தொட்டியில் கொட்டுவது நம் ஊர் வழக்கம். மாட்டுப் பொங்கலன்று கேட்கவே வேண்டாம். வயிறு உப்பினால் டாக்டரைக் கூப்பிடுகிறோம், உப்பாவிட்டால் மறந்துவிடுகிறோம். ஒன்றிரண்டு மாதம் கழித்து அதே மாடு பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கும்போது, கல் குத்தியிருக்கும் என்கிறோம்.

கல்லும் குத்தும்தான். ஆனால் கலப்பினப் பசுக்களின் நொண்டலில் தொட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. சோறு, கஞ்சி, அளவு மீறிய அடர்தீவனம் எல்லாம் இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாகின்றன. அதன் விளைவாகக் குளம்புக்குள் ரத்த ஓட்டம் கெட்டு, உள்திசு வீங்குகிறது. குளம்பு மாதத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர்தான் வளரும். அதனால் உள்ளே நேர்ந்த கேடு அடிப்பாகத்தில் ரத்தக்கட்டாகவோ புண்ணாகவோ தெரிய வாரக்கணக்கில் ஆகிறது. கன்று ஈன்றதும் பால் கூடட்டும் என்று தீவனத்தை ஒரேயடியாக ஏற்றினாலும் இதே கதைதான். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். முதலில் வைக்கோலோ பசும்புல்லோ, பிறகுதான் தீவனம்.

அடுத்தது தரை. கோமியம் தேங்கிய சிமெண்டில் குளம்பு ஊறித் தேயும். பசு நாளில் சுமார் 12 மணி நேரம் படுத்திருக்க வேண்டும். தரை ஈரமாகவோ கயிறு குட்டையாகவோ இருந்தால் நின்றே பொழுதைக் கழிக்கும். தண்ணீர் வடியச் சரிவும், படுக்க ரப்பர் விரிப்பும் வீண் செலவு அல்ல.

காலைவிட முதுகைக் கவனியுங்கள். நடக்கும்போது முதுகு வளைந்தால் வலி தொடங்கிவிட்டது. அப்போதே காட்டினால் எளிதில் தேறும். நீண்ட குளம்பை ஆண்டுக்கு இருமுறை பழகியவரைக் கொண்டு சீவுங்கள். விரலிடுக்கு அழுகலைத் தடுக்க, 10 லிட்டர் தண்ணீரில் அரை கிலோ மயில்துத்தம் கரைத்து, கழுவிய காலை நனைக்கலாம். மாடு அதைக் குடித்துவிடக் கூடாது. செம்மறி ஆட்டுக்கு அது கடும் விஷம்.

வாயில் எச்சில் ஒழுகி, காலிலும் புண் இருந்தால் கோமாரியாக இருக்கலாம். உடனே மற்ற மாடுகளிடமிருந்து பிரித்துக் கட்டுங்கள். இதற்கான தடுப்பூசியை அரசு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடுகிறது. உங்கள் தெரு விடுபட்டால் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அது சலுகை அல்ல, உங்கள் உரிமை. நடக்க முடியாத மாட்டை வண்டியேற்றி அலைக்கழிக்காமல், தமிழ்நாட்டில் 1962 எண்ணுக்கு அழைத்தால் மருத்துவ ஊர்தி வரும். ஊசி போட்டால், எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்று டாக்டரிடம் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.