ஒரே நிமிடத்தில் பெட் ஸ்கேன்: நேரம் குறைந்தால் படம் கெடாதா?

பெட் ஸ்கேன் எடுக்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, “எவ்வளவு நேரம் அசையாம படுத்திருக்கணும்?” என்பதைத்தான். ஊசி போட்ட பிறகு சுமார் ஒரு மணி நேரம் காத்திருப்பு. அதன்பின் கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடி 15 முதல் 20 நிமிடம் கருவிக்குள். முதுகெலும்பு வரை புற்றுநோய் பரவி வலியோடு இருப்பவருக்கு அந்த 20 நிமிடம் லேசுப்பட்டதல்ல. சின்னக் குழந்தை என்றால் மயக்க மருந்தே கொடுக்க வேண்டிவரலாம். அப்போ நேரத்தைக் குறைத்துவிட வேண்டியதுதானே?

குறைக்கலாம். ஆனால் கடிகாரத்தை மட்டும் குறைத்தால் படம் கெட்டுப்போகும். ஏன் என்று பார்ப்போம்.

ஊசியில் ஏற்றப்படுவது எஃப்டிஜி என்ற, சர்க்கரை போன்ற பொருள். அதில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டியிருக்கும். சர்க்கரையை அதிகம் விழுங்கும் புற்றுநோய் செல்கள் இதையும் விழுங்கும். அந்த அணு சிதையும்போது, எதிரெதிர் திசைகளில் இரண்டு காமா கதிர்கள் பாய்கின்றன. இரண்டும் ஒரே சமயத்தில் கருவியின் வளையத்தில் பட்டால், அது ஒரு கணக்கு. இப்படிக் கோடிக்கணக்கான ஜோடிகளைச் சேர்த்துத்தான் படம் உருவாகிறது.

மழை தூற ஆரம்பிக்கும்போது மொட்டை மாடித் தரையைப் பாருங்கள். துளிகள் அங்கங்கே திட்டுத் திட்டாக விழுந்திருக்கும். நன்றாகப் பெய்த பிறகுதான் தரை ஒரே சீராக நனையும். பெட் படமும் அப்படித்தான். கணக்கு குறைவாக இருந்தால், இல்லாத இடத்தில் திட்டு தெரியும்; இருக்கும் சின்னக் கட்டி அந்தத் திட்டுகளுக்குள் ஒளிந்துகொள்ளும். நேரத்தைக் கால்வாசியாக்கினால் இந்த இரைச்சல் இரண்டு மடங்காகும். பருமனான உடம்பில் கதிர்கள் உள்ளேயே அதிகம் மடங்கிவிடுவதால், அவர்களுக்குக் கூடுதல் நேரமே தேவைப்படும்.

கருவி நல்லதா என்று எப்படித் தெரியும்?

இதற்கு ‘நெமா என்யு 2’ என்ற அமெரிக்கத் தரவரையறை பல நாடுகளிலும் பின்பற்றப்படுகிறது. மனித உடலின் நடுப்பகுதி வடிவில் தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் பொம்மை. அதற்குள் 10 மில்லிமீட்டர் முதல் 37 மில்லிமீட்டர் வரை விட்டம் கொண்ட ஆறு உருண்டைகள். 37 மில்லிமீட்டர் உருண்டையை எந்தக் கருவியும் காட்டிவிடும். பரீட்சை 10 மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. இதுதவிர, வெளியான கதிர்களில் எத்தனையைப் பிடிக்கிறது, சிதறி வந்த பொய்க் கணக்கு எவ்வளவு என்பதையும் அளக்கிறார்கள்.

வழக்கமான கருவியின் வளையம் உடலின் நீளவாக்கில் சுமார் 15 முதல் 26 சென்டிமீட்டர்தான். மார்பைப் படம்பிடிக்கும்போது காலிலிருந்து வரும் கதிரெல்லாம் வீண். இந்த வீணைத் தடுக்கத்தான் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த சைமன் செர்ரி, ராம்சே படாவி குழு ‘எக்ஸ்ப்ளோரர்’ கருவியை உருவாக்கியது. வளையத்தின் நீளம் 194 சென்டிமீட்டர், உள்ளே 5.6 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகங்கள். தலை முதல் கால் வரை ஒரே நேரத்தில் பார்க்கும். 2018-ல் இதன் முதல் மனிதப் படங்கள் வெளியாயின. முழு உடலையும் ஒரே நிமிடத்தில் எடுக்க முடியும் என்பது அப்போதுதான் கண்முன் தெரிந்தது.

இன்னொரு வழி, கதிர்கள் வந்துசேரும் நேர வித்தியாசத்தை அளப்பது. ஒளி ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் போகும். 200 பிக்கோ விநாடி துல்லியத்தில் அளந்தால், கதிர் புறப்பட்ட இடத்தைச் சுமார் 3 சென்டிமீட்டருக்குள் குறுக்கிவிடலாம். அதே கணக்கிலிருந்து தெளிவான படம் கிடைக்கும்.

செயற்கை நுண்ணறிவால் இரைச்சலைத் துடைக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். படம் பளிச்சென்று இருப்பதும், உண்மையாக இருப்பதும் ஒன்றல்ல. இரைச்சலோடு சேர்த்து ஒரு சின்ன நிணநீர்க் கட்டியையும் மென்பொருள் துடைத்துவிட்டால்? லிம்ஃபோமா நோயாளிக்குக் கீமோவைத் தொடர்வதா, மாற்றுவதா என்பதையே இடையில் எடுக்கும் பெட் படத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். அதனால்தான் நேரம் குறைக்கும் எந்த முறையையும், பொம்மையில் மட்டுமல்ல, ஒரே நோயாளியின் முழு நேரப் படத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கருவி தரும் கூடுதல் திறனை நேரத்தில்தான் செலவழிக்க வேண்டும் என்பதும் இல்லை. நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஊசி மருந்தின் அளவைக் குறைக்கலாம். குழந்தைகளுக்கு அதுவே பெரிய லாபம். அல்லது இரண்டையும் விட்டுவிட்டுப் படத்தைக் கூர்மையாக்கலாம்.

ஒரு மணி நேரக் காத்திருப்பை மட்டும் எந்தக் கருவியாலும் பெரிதாகக் குறைக்க முடியாது. மருந்து திசுக்களில் சேர உடம்பு எடுத்துக்கொள்ளும் நேரம் அது. சிகிச்சைக்கு முன்பும் பின்பும் எடுக்கும் ஸ்கேன்களில் இந்த இடைவெளி மாறினாலே கட்டியின் அளவீடு மாறித் தெரியும். கருவி மாறினாலும் அப்படித்தான். எனவே அடுத்த ஸ்கேனை முடிந்தவரை அதே மையத்தில், அதே கருவியில் எடுங்கள். முடியாவிட்டால் பழைய சிடியையும் ரிப்போர்ட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.