மலை ஏறினால் போதுமா? 50 வயதைக் கடந்த பெண்களும் கொலஸ்ட்ராலும்

"மாசம் ஒரு தடவை சதுரகிரியே ஏறிட்டு வர்றேன், எனக்கு எதுக்கு கொலஸ்ட்ரால் டெஸ்ட்?" வ. புதுப்பட்டி, வத்திராயிருப்பு பக்கம் இருக்கும் உங்கள் அம்மாவோ அத்தையோ இப்படிக் கேட்டால், பதில் சொல்வது கொஞ்சம் சிரமம்தான். மலை ஏறும் அளவுக்குத் தெம்பு இருப்பது நல்ல விஷயம். ஆனால் ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. கொலஸ்ட்ரால் கூடினால் வலிக்காது, காய்ச்சல் வராது. ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

50-க்கு மேல் ஏன் கூடுகிறது?

மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பெண்களின் ரத்தக் குழாய்களுக்கு ஓரளவு பாதுகாப்பு தருகிறது. மாதவிடாய் நின்றபின் அது குறைந்துவிடும். அப்போது 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். கூடத் தொடங்கும். சாப்பாடு மாறவில்லை, வேலையும் குறையவில்லை என்றாலும் இது நடக்கலாம். அதனால் ஒல்லியாக இருக்கிறோம், நமக்கு வராது என்று நினைக்க வேண்டாம்.

நடை என்ன செய்யும்?

வேகமாக நடக்கும்போது தசைகள் ரத்தத்தில் உள்ள கொழுப்பை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். அதனால் ட்ரைகிளிசரைடு குறையும். 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல். கொஞ்சம் கூடும். ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் கட்டுக்குள் வர உதவும். ஆனால் நடையால் மட்டும் எல்.டி.எல். பெரிய அளவில் குறைந்துவிடாது. அதற்கு உணவிலும் மாற்றம் வேண்டும். சிலருக்கு மாத்திரையும் வேண்டும். "தினமும் நடக்கிறேனே" என்று கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் அளவு மறுபடியும் ஏறிவிடும்.

எவ்வளவு நடக்கணும்?

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது வாரம் 5 நாள், தினம் 30 நிமிடம். மாசத்தில் ஒரே நாள் மலையேறுவது இதற்கு ஈடாகாது. வேகத்தை அளக்க ஒரு சுலபமான வழி: நடக்கும்போது பேச முடியணும், ஆனால் பாட முடியக் கூடாது.

ஒரேயடியாக முடியவில்லையா? காலையில் 10, மாலையில் 10 என்று தொடங்குங்கள். செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை உண்டு. முதல் நாளே 8 கிலோமீட்டரும் நடக்கணும் என்றில்லை. உங்கள் தெருவும் தோப்புப் பாதையும் போதும்.

முழங்கால் வலி இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை மெதுவாக 10 முறை செய்யலாம். 65 வயதைக் கடந்தவர்கள் வாரம் 3 நாளாவது இப்படித் தசை வலுவுக்கும் நிலைதடுமாறாமல் நிற்பதற்கும் பயிற்சி செய்வது நல்லது. கீழே விழும் ஆபத்து குறையும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். செருப்பு இல்லாமலும் நடக்க வேண்டாம். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சாப்பாட்டில் வறுத்தது, பொரித்தது, ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது ஆகியவற்றைக் குறைங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா விசேஷ நாளுக்கு இருக்கட்டும், தினமும் வேண்டாம்.

எங்கே பரிசோதிப்பது?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் கொலஸ்ட்ரால் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். இல்லையென்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் அரசு மருத்துவமனைகளிலோ விசாரியுங்கள். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழைக்கலாம்.

பரிசோதனைக்கு முன் 9 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள், தண்ணீர் குடிக்கலாம். பொதுவாக மொத்தக் கொலஸ்ட்ரால் 200 மில்லிகிராமுக்குக் கீழ், எல்.டி.எல். 100-க்குக் கீழ், ட்ரைகிளிசரைடு 150-க்குக் கீழ், பெண்களுக்கு எச்.டி.எல். 50-க்கு மேல் இருப்பது நல்லது. சர்க்கரையோ இதய நோயோ இருந்தால் உங்களுக்கான அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த பரிசோதனை எப்போது என்று டாக்டரிடம் கேட்டு, அன்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாயுத் தொல்லை என்று விடாதீர்கள்

மாரடைப்பு வரும்போது பெண்களுக்கு எப்போதும் நெஞ்சுவலிதான் வரும் என்றில்லை. மூச்சு வாங்குவது, தாடையிலோ முதுகிலோ வலி, குமட்டல், திடீர் வியர்வை, காரணமில்லாத அசதி என்றும் வரலாம். சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

இந்தக் கட்டுரையை நீங்கள் படித்தால் போதாது. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இந்த வாரமே ஒருநாள் காலையில் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். மறுநாளிலிருந்து முடிந்தால் நீங்களும் கூடவே நடங்கள்.