ரசீது இல்லாமல் வீடு திரும்பாதீர்கள்

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்." உதடு கிழிந்து, கை வீங்கி அரசு மருத்துவமனைக்கு வரும் பெண்கள் பலர் சொல்லும் பதில் இதுதான். பக்கத்தில் மாமியாரோ கொழுந்தனோ நிற்கும்போது வேறென்ன சொல்வார்கள்? ஆனால் நாலு மாதம் கழித்து விஷயம் முற்றி நீதிமன்றப் படி ஏறும்போது, அந்த ஒரு வரி எதிர்த்தரப்பு வக்கீலின் கையில் ஆயுதமாக நிற்கும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பாதி வழக்குகள் கெடுவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

காயத்தோடு போனால் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். என்று சொல்வார்களே, அதில் எழுத வேண்டும். யார் அடித்தது, எதனால் அடித்தது, எங்கே, எந்த நேரம் என்ற நான்கையும் சொல்லுங்கள். கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லும்படி மருத்துவரிடம் கேட்கலாம். அந்தப் பதிவேட்டின் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள். பாலியல் வன்கொடுமைக்கும் அமில வீச்சுக்கும் ஆளானவர்களுக்குத் தனியார் மருத்துவமனையும் உடனே இலவச சிகிச்சை தந்தாக வேண்டும். மறுத்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா 200-வது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம்.

அடுத்தது காவல் நிலையம். அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் வந்து முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும், "புருஷன் பொண்டாட்டி சண்டைதானேம்மா, பேசி அனுப்பிடலாம்" என்ற வசனம் மாறவில்லை. இரண்டு பேரையும் உட்கார வைத்து, வெள்ளைத் தாளில் "இனி சேர்ந்து வாழ்கிறோம்" என்று எழுதி வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த வாரம் மறுபடி அடி. முதல் புகாருக்கு எண்ணே இல்லை. புகார் மனுவைக் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். வழக்குப் பதிந்தால் எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். சம்பவம் நடந்தது வேறு ஊரின் எல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது. எங்கே நடந்திருந்தாலும் புகாரை வாங்கிப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு சொல்கிறது. அப்படியும் வாங்க மறுத்தால் அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, தபால் ரசீதை மனு நகலோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். அப்போது அந்தத் தபால் ரசீது கையில் இருக்க வேண்டும்.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அடிதடி வழக்கு வேறு, பாதுகாப்பு மனு வேறு. கணவனை ஜெயிலுக்கு அனுப்ப மனமில்லை, ஆனால் அடி நிற்க வேண்டும், வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது, பிள்ளைகளுக்குச் செலவுக்குப் பணம் வேண்டும் என்பவர்களுக்காகத்தான் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அதன் 12-வது பிரிவில் மனு போட வேண்டும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் வழியாகப் போடலாம், நேரடியாகவும் போடலாம். புகுந்த வீடு திருப்பூரில் இருந்தாலும், அம்மா வீட்டுக்கு வந்து தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நடுவர் மன்றத்திலேயே மனு செல்லும். முதல் விசாரணை 3 நாளுக்குள் இருக்க வேண்டும், 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா வாய்தாவாக இழுக்கும். ஆகவே இடைக்கால உத்தரவை மனுவிலேயே கேட்டுவிடுங்கள். உத்தரவின் நகல் இலவசம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எதற்கெடுத்தாலும் விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பஸ் ஏறுகிறார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் அது சுற்றிச் சுற்றி, எந்தக் காவல் நிலையத்தில் கதவைச் சாத்தினார்களோ அதே நிலையத்துக்கே வந்து சேரும். சமூக நல அலுவலகமும், தங்க இடமில்லாதவர்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையமும் தேவையானால் விருதுநகரில் வேலை உண்டு. அதற்கும் முதலில் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்துவிட்டுப் போவது நல்லது. மற்றபடி இந்த மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். மகளிர் நீதிமன்றமும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். அருப்புக்கோட்டைக் கல்லூரி மாணவிகளைத் தவறான பாதைக்கு அழைத்த பேராசிரியைக்கு 2024 ஏப்ரலில் 10 ஆண்டுச் சிறை விதித்ததும் அந்த மகளிர் நீதிமன்றம்தான். ராஜபாளையத்திலிருந்து அரை மணி நேரப் பஸ் பயணம். இதை விட்டுவிட்டு விருதுநகருக்கு அலைவானேன்?

சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண் என்ற ஒரே காரணத்துக்காக இலவச வக்கீல் கிடைப்பார். வருமான வரம்பு கிடையாது. சிறையில் இருப்பவருக்கும் அப்படியே. பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு போன்றவற்றில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான இழப்பீட்டு மனுவையும் அங்கேதான் கொடுக்க வேண்டும். 3 ஆண்டுக்குள் கொடுங்கள். தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்து காலம் கடத்தியவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. வழக்கு நடக்கும்போதே இடைக்கால உதவி கேட்கலாம்.

இனி, குற்றம் சாட்டப்பட்டுச் சிறைக்குப் போகும் பெண்களின் கதை. இவர்களைப் பற்றி ஊர் பேசுவதெல்லாம் வம்பு; உதவி என்று யாரும் வாய் திறப்பதில்லை. சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன், பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் காவல் அதிகாரி எழுத்து மூலம் காரணம் காட்டி நடுவரின் முன் அனுமதி பெற வேண்டும். வீட்டார் கைது நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். அதை வக்கீலிடம் முதல் நாளே சொல்ல வேண்டும்.

ஜாமீன் உத்தரவு கிடைத்தும் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும் பெண்கள் இருக்கிறார்கள். வீட்டு வரி ரசீதோடு இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்றால், வாடகை வீட்டில் இருக்கும் பஞ்சாலைத் தொழிலாளி எங்கே போவாள்? இங்கேதான் நீதிமன்ற வாசல் தரகர்கள் நுழைகிறார்கள். பணம் கொடுக்காதீர்கள். ஜாமீன் கிடைத்து 7 நாளில் வெளியே விடப்படவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. அதே ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில், விசாரணைக் கைதிக்கு 40 ஆயிரம் ரூபாய் வரை பிணைத் தொகைக்கு வழி செய்தார்கள். மாவட்ட அளவிலான குழு அதை முடிவு செய்யும். இதெல்லாம் தானாக நடக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். ஜாமீன் உத்தரவின் நகலோடு வீட்டார் ஒருவர் ஆணைக்குழு அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்தால்தான் கோப்பு நகரும். அதற்கும் ரசீது வாங்குங்கள்.

பிள்ளைகள்? 6 வயது வரை தாயோடு சிறையில் இருக்கலாம் என்பது 2006-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுக் கதை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். தந்தை இறந்து, தாய் சிறையில் இருக்கும் பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக் கரங்கள்' திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது. தந்தையின் இறப்புச் சான்று நகராட்சியில் கிடைக்கும். தாய் சிறையில் இருப்பதற்கான சான்றைச் சிறை நிர்வாகத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். வெட்கப்பட்டு விண்ணப்பிக்காமல் விட்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112. இலவச வக்கீல் யாராவது பணம் கேட்டால் ஆணைக்குழுச் செயலரிடமே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். கொடுத்த மனுவின் இன்னொரு நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.