ஐந்து உரிமம், முப்பது மாணவர்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் செம்பனை ஆலையின் புகைபோக்கியைப் பார்க்காதவர் குறைவு. மலேசியாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டதும் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான், ஆண்டு 1917. ஆலைக்கு வரும் குலைகளை முதலில் பெரிய எஃகுக் கலனில் அடைத்து நீராவியில் வேகவைப்பார்கள். உள்ளே வெப்பம் ஏறக்குறைய 140 பாகை செல்சியஸ். அழுத்தம் ஏறக்குறைய 3 பார்.

மாணவர்களே, அந்தக் கலனைக் கணினியில் வரைய வடிவமைப்பு மென்பொருள் போதும். ஆனால், அதன் சுவர் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று கணக்கிட, தகைவுப் பகுப்பாய்வு என்ற கூடுதல் பகுதி பெரும்பாலும் தனியாகத் தேவைப்படும். அதற்குத் தனி விலை, தனி உரிமம். நாளை நீங்கள் பொலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ பொறியியல் படிக்கும்போது, இந்த உரிமம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருப்பது கைகொடுக்கும்.

உரிமம் இரு வகை. வீட்டுச் சட்டி அந்த வீட்டுக்கு மட்டும். கோயிலின் பெரிய அண்டாவோ எந்த வீட்டில் விருந்து நடந்தாலும் போய்வரும். பூட்டிய உரிமம் வீட்டுச் சட்டி. கணினியின் வலையமைப்பு அட்டைக்கு 12 இலக்க அடையாள எண் உண்டு. பெரும்பாலும் அந்த எண்ணை உரிமத்தில் எழுதிவிடுவார்கள். வேறு கணினியில் அது வேலை செய்யாது. அட்டையை மாற்றினாலும் நின்றுவிடும்.

மிதக்கும் உரிமம் கோயில் அண்டா. ஒரு சேவையகக் கணினி அதைக் காக்கிறது. நீங்கள் கேட்டால் கொடுக்கும். திருப்பித் தந்தால் அடுத்தவருக்குக் கொடுக்கும். சேவையகத்திலுள்ள உரிமக் கோப்பில் அக்கணினியின் அடையாள எண், ஒவ்வொரு பகுதியின் பெயர், எண்ணிக்கை, காலாவதி நாள் ஆகியவை இருக்கும். இறுதியில் ஓர் இலக்கக் கையொப்பமும் இருக்கும். யாராவது 5 என்பதை 50 என்று திருத்தினால் கையொப்பம் பொருந்தாது. சேவையகம் அந்த உரிமத்தை ஏற்காது.

அடிப்படை மென்பொருளுக்கு 30 உரிமமும் பகுப்பாய்வுக்கு 5 உரிமமும் உள்ள ஒரு கணினிக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். முப்பது பேரும் வரையலாம். ஒரே நேரத்தில் ஐவர் மட்டுமே பகுப்பாய்வு செய்யலாம். ஐந்து போதுமா?

இக்கேள்வி தொலைபேசிக் காலத்திலேயே எழுந்தது. டென்மார்க் கணிதவியலாளர் ஏ.கே. எர்லாங், எத்தனை தொலைபேசி இணைப்புகள் தேவை என்று ஆராய்ந்து தம் முதல் கட்டுரையை 1909இல் வெளியிட்டார். அவருடைய சூத்திரத்தை இங்கே பயன்படுத்துவோம். மணிக்கு 30 முறை, வெவ்வேறு நேரங்களில், உரிமம் கேட்கப்படுகிறது. ஒவ்வொருவரும் சராசரியாக 6 நிமிடம் வைத்திருந்தால், கேட்கும் நூறு முறையில் ஏறக்குறைய 11 முறை ‘உரிமம் இல்லை’ என்ற பதில் வரும். வேலை முடிந்தும் மூடாமல் 12 நிமிடம் வைத்திருந்தால்? 22 முறை என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, 36 முறை! நேரம் இரண்டு மடங்கானால் ஏமாற்றம் மூன்று மடங்கைத் தாண்டுகிறது.

இந்தத் தாமதம் பெரும்பாலும் தெரியாமலே நேர்கிறது. சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் கூடுதல் பகுதிகளின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று ‘இப்போது மட்டும்’. மற்றது ‘ஒவ்வொரு முறை தொடங்கும்போதும்’. இரண்டாவதில் குறியிட்டால், நீங்கள் வெறும் கோடு வரைய வந்தாலும் பகுப்பாய்வு உரிமம் ஒன்று உங்களிடம் வந்துவிடும். ஆகவே, முதல் கட்டத்தில் மட்டும் குறியிடுங்கள். கணக்கு முடிந்ததும் குறியை எடுத்துவிடுங்கள்.

கூடத்தின் பொறுப்பாளரும் உதவ முடியும். ஒரு குழுவுக்குச் சில உரிமங்களை ஒதுக்கலாம். மென்பொருள் இடம் தந்தால், நெடுநேரம் சும்மா கிடக்கும் உரிமத்தைத் தானாகத் திரும்பப் பெறவும் செய்யலாம்.

உரிமம் கிடைக்கவில்லை என்று திருட்டுப் படியைத் தேடாதீர்கள். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. வீட்டில் பழக, கட்டற்ற மென்பொருளான ஃப்ரீகேட் இருக்கிறது. அதில் தகைவுப் பகுப்பாய்வும் உண்டு. உரிமத்துக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

விருந்து முடிந்ததும் அண்டாவைக் கழுவிக் கோயிலில் சேர்ப்பது தோட்டத்தில் நாம் கற்ற பழக்கம். கணினிக்கூடத்திலும் அதுவே சரியான முறை.