நெடுவழியும் குறுநேரமும்

தில்லிக்கும் சென்னைக்கும் இடையே உள்ள வான்தொலைவு ஏறத்தாழ 1,760 கி.மீ. இதனை விமானம் மூன்று மணி நேரத்திற்குள் கடந்துவிடுகிறது. தொலைவு மிகுந்தால் பயண நேரமும் மிகும் என்பது பொதுவான எண்ணம். ஆயினும், கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் பயணங்களில் இக்கணக்குச் சில வேளைகளில் மாறுகிறது. தில்லி – சான் பிரான்சிஸ்கோ வான்வழி இதற்குத் தக்க சான்றாகும்.

குறுகிய வழி

உலக உருண்டையில் இவ்விரு நகரங்களையும் ஒரு நூலால் இறுக்கமாக இணைத்தால், அந்நூல் வடக்கே ஆர்க்டிக் பகுதி வழியாகச் செல்லும். கோளத்தின்மீது இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய இவ்வழி 'பெருவட்டப் பாதை' எனப்படும். இதன் நீளம் ஏறத்தாழ 12,400 கி.மீ. எனினும், மலைகள், வானிலை, பிற நாடுகளின் வான்வெளி விதிகள் ஆகியவற்றுக்கேற்ப விமானங்கள் வேறு வழிகளிலும் செல்கின்றன.

காற்றின் துணை

தரையிலிருந்து சுமார் 10 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் விரைந்து வீசுகிறது. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. எனவும், காற்றின் வேகம் மணிக்கு 100 கி.மீ. எனவும் கொள்க. காற்று பின்னிருந்து வீசினால் விமானம் மணிக்கு 1,000 கி.மீ. முன்னேறும், எதிர்த்து வீசினால் 800 கி.மீ. மட்டுமே முன்னேறும். ஆகவே, 12,000 கி.மீ. தொலைவைக் கடக்க முன்னதற்கு 12 மணி நேரமும் பின்னதற்கு 15 மணி நேரமும் ஆகும். நேரம் கூடினால் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

ஏர் இந்தியா விமானம் முன்பு மேற்கு நோக்கி, அட்லாண்டிக் பெருங்கடல் வழியாக ஏறத்தாழ 13,900 கி.மீ. பறந்து சான் பிரான்சிஸ்கோவை அடைந்தது. 2016 அக்டோபரில் அது கிழக்கு நோக்கி, பசிபிக் பெருங்கடல் வழியாகச் சென்றது. தொலைவு ஏறத்தாழ 15,300 கி.மீ. ஆக உயர்ந்தது. ஆனால், பயணம் சுமார் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது. வழி 1,400 கி.மீ. நீண்டும், நேரம் ஏறத்தாழ இரண்டு மணி குறைந்தது.

கடிகாரம் காட்டும் விந்தை

கோடைக்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவின் நேரம் இந்திய நேரத்தைவிடப் பன்னிரண்டரை மணி பின்தங்கியிருக்கும். தில்லியில் அதிகாலை 4 மணிக்குப் புறப்படும் விமானம் பதினான்கரை மணி நேரம் பறந்தால், அங்கு அதே நாள் காலை 6 மணிக்கு இறங்கும். கடிகாரத்தின்படி கழிந்தவை இரண்டு மணி நேரமே!

காற்றின் இயல்பறிந்து பயணம் செய்வது தமிழர்க்குப் புதியதன்று. கரிகாலனின் முன்னோர் காற்றின் ஆற்றலை வயப்படுத்திக் கடலில் கலம் செலுத்தியதை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் போற்றியுள்ளார். அன்று கடலில் கலத்தைச் செலுத்திய காற்றே இன்று வானில் விமானத்திற்கும் துணை நிற்கிறது.

சொற்பொருள்
கலம் – கப்பல்
வயப்படுத்தி – தன் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவந்து
விந்தை – வியப்பு

விடை எழுதுக
1. பெருவட்டப் பாதை என்றால் என்ன?
2. பசிபிக் வழி நீண்டதாக இருந்தும் பயண நேரம் குறைந்தது ஏன்?
3. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ.; எதிர்க்காற்றின் வேகம் மணிக்கு 150 கி.மீ. 3,000 கி.மீ. தொலைவைக் கடக்க எத்தனை மணி நேரம் ஆகும்?