ரிஸ்பாள் காத்த ஏழு பேர்

வேதாகமத்துப் பெண்களைச் சொல்லுங்கள் என்றால் ரூத், எஸ்தர், அன்னாள், மார்த்தாள், மரியாள் என்று விரல்களை மடக்கத் தொடங்கிவிடுவோம். ஆயாவின் மகள் ரிஸ்பாளுக்கு யாரும் விரல் மடக்குவதில்லை. அவளைப் பற்றிய பிரசங்கம் ஒன்றைக்கூட நான் இதுவரை கேட்டதில்லை. காரணம் விளங்குகிறது. 2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தை அன்னையர் தின ஆராதனையில் வாசிக்க எந்தப் போதகருக்கும் மனம் வராது. ஆனாலும் திருக்கோவில் போன்ற ஓர் ஊரில் வாழுகிற கிறிஸ்தவப் பெண்கள் வேறு எந்த அதிகாரத்தை விட்டாலும் இதை விட்டுவிடக்கூடாது என்பது என் எண்ணம்.

கதை இதுதான் சகோதரிகளே. தாவீதின் நாட்களில் மூன்று வருஷம் தொடர்ந்து பஞ்சம் வருகிறது. முன்பு சவுல் ராஜா கிபியோனியரைக் கொன்ற இரத்தப்பழிதான் காரணம் என்று தெரியவருகிறது. கிபியோனியரிடம் என்ன வேண்டும் என்று தாவீது கேட்கிறான். வெள்ளியும் பொன்னும் வேண்டாம், சவுலின் சந்ததியில் ஏழு பேரைத் தாருங்கள் என்கிறார்கள். கொடுக்கப்பட்ட ஏழு பேரில் அர்மோனி, மேவிபோசேத் என்ற இருவர் சவுலின் மறுமனையாட்டியாகிய ரிஸ்பாளின் பிள்ளைகள். மற்ற ஐந்து பேர் சவுலின் மகள் பெற்றவர்கள். எழுவரும் ஒரே நாளில் மலையின்மேல் கொல்லப்படுகிறார்கள். அந்த எழுவர் தாங்களாகச் செய்த குற்றம் என்று அந்த அதிகாரத்தில் எதுவுமே சொல்லப்படவில்லை. ஆண்டவர் இதைக் கேட்டாரா, மனிதர் தாங்களாகவே இப்படி முடிவு கட்டினார்களா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. பஞ்சத்தின் காரணத்தைக் கர்த்தர் சொல்லுகிறார். ஏழு பேரைக் கேட்டவர்கள் கிபியோனியர்.

தூக்கிலிடப்பட்டவனின் உடல் இரவு முழுவதும் மரத்தில் இருக்கக்கூடாது, அன்றைக்கே அடக்கம்பண்ண வேண்டும் என்று உபாகமம் 21ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்கள் கட்டளையிடுகின்றன. அந்தக் கட்டளையை அங்கே யாரும் நினைக்கவில்லை. உடல்கள் அப்படியே விடப்பட்டன. அப்போது ரிஸ்பாள் இரட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போய்ப் பாறையின்மேல் விரித்து உட்கார்ந்துவிடுகிறாள். பகலில் பறவைகளை விரட்டுகிறாள். இரவில் காட்டு மிருகங்களை விரட்டுகிறாள். வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில் உட்கார்ந்தவள், வானத்திலிருந்து மழை பெய்யும்வரை எழும்பவில்லை.

எத்தனை நாள் என்று வேதம் கணக்குச் சொல்லவில்லை. அந்த நாட்டில் வாற்கோதுமை அறுப்பு சித்திரை மாதத்தையொட்டி வரும். மழைக்காலம் ஐப்பசிக்குப் பிறகுதான். ஆகவே ஐந்தாறு மாதம் என்று சிலர் எழுதுகிறார்கள். பருவம் தப்பிய மழையாக இருக்கலாம், சில வாரங்கள்தான் என்பார்களும் உண்டு. நமது பக்கத்துப் பெண்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. மாசி, பங்குனியில் பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்தால் வாடை மழை வர ஐப்பசி ஆகும். இடைப்பட்ட வெயிலில் கடற்கரைப் பாறையில் கால் வைக்க முடியாது. அதை நினைத்துக்கொண்டு வாசித்தால் போதும்.

இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தபோது என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு காரியம். மலையில் இருந்தவர்கள் ஏழு பேர். ரிஸ்பாள் பெற்றது இரண்டு பேரைத்தான். தன் இரண்டு பிள்ளைகள் பக்கம் வந்த காகத்தை மட்டும் விரட்டிவிட்டு, மற்ற ஐந்து பேர் பக்கம் போனதைப் பார்த்துக்கொண்டு அவள் இருக்கவில்லை. அந்த ஐந்து பேரின் தாய் எங்கே இருந்தாள், உயிரோடு இருந்தாளா, வர முடியாமல் இருந்தாளா, ஒன்றும் தெரியாது. அவளுடைய பிள்ளைகளையும் இவள்தான் காத்தாள்.

திருக்கோவில் மண்ணில் இருந்துகொண்டு இதை வாசிப்பது இலேசல்ல. 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான சிங்கள, முஸ்லிம் பொலிசாரை விடுதலைப் புலிகள் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். அது நடந்த இடங்களில் ஒன்று திருக்கோவிலுக்கு அருகே உள்ள ரூபஸ்குளம் காட்டுப்பகுதி. அதே வருஷம் போர் மூண்ட பிறகு அம்பாறை மாவட்டத்துத் தமிழ்க் கிராமங்களிலிருந்து பாதுகாப்புப் படையினர் கொண்டுபோன இளைஞர்கள் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. ஆவணி மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒரே கோடை, ஒரே கரை. தென்னிலங்கையில் ஒரு தாய், அக்கரைப்பற்றில் ஓர் உம்மா, தம்பிலுவில்லில் ஓர் அம்மா. அவரவர் தம் தம் பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு அழுதார்கள். ஒருவர் அழுகை மற்றவர் காதில் விழவில்லை. விழவிடவில்லை என்றும் சொல்லலாம்.

2004 டிசம்பர் 26 அந்தச் சுவரைக் கொஞ்சம் அசைத்தது. நாட்டிலேயே அதிகமானோர் இறந்தது நமது அம்பாறை மாவட்டத்தில்தான், 10,000 பேருக்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் என்று கரை முழுவதும் பிரேதங்கள். எவர் பிள்ளை என்று பார்க்க நேரம் இருக்கவில்லை. அடையாளம் காண முடியாதவர்களை அவசர அவசரமாகக் குழி வெட்டிச் சேர்த்துப் புதைத்தார்கள். அன்றைக்கு வெறுங்கையால் பிரேதம் தூக்கியவர்கள் ரிஸ்பாளின் வேலையைத்தான் செய்தார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

எங்களூரில் கிறிஸ்தவர்கள் சிறு தொகை. அயலவர் பெரும்பாலும் சைவர்கள். ஆடி அமாவாசைக்குச் சித்திர வேலாயுத சுவாமி கோயில் தீர்த்தத்துக்கு எங்கெங்கிருந்தோ சனம் வந்து கடலில் பிதிர்க்கடன் செய்யும். அப்படியான ஒரு நாளில் அயல்வீட்டு அம்மா ஒருவர் கடற்கரைக்குப் போகாமல் வாசலில் இருந்தார். மகன் 1990இல் போனவன். ஏன் அம்மா போகவில்லை என்று கேட்டேன்.

"எள்ளும் தண்ணியும் இறைச்சா அவன் செத்துட்டான் எண்டு நானே சொன்ன மாதிரி. இறைக்காம விட்டா, செத்திருந்தா அவனுக்கு ஆர் தண்ணி குடுக்கிற, பிள்ள?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடிய பதில் இருப்பதாகவும் தெரியவில்லை. "எல்லாம் ஆண்டவர் சித்தம், மறந்துபோங்க" என்று நம்மவர்கள் சொல்லும் வழக்கமான ஆறுதல் அந்த வாசலில் நிற்காது. வேதமும் அப்படிச் சொல்லவில்லை. யாக்கோபைப் பாருங்கள். யோசேப்பின் அங்கியை இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து காட்டினார்கள். மகன் இறந்ததற்கு அத்தாட்சி என்று கையில் கொடுத்தார்கள். அந்த அத்தாட்சி பொய். யாக்கோபு அதை நம்பினான், ஆனாலும் ஆறுதல் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று விட்டான். பதினேழு வயதில் போன பிள்ளையை அவன் மறுபடி கண்டபோது யோசேப்புக்கு முப்பத்தொன்பது வயதளவில். வேதத்தில் உள்ள வயதுகளைக் கூட்டிப் பாருங்கள், இருபத்திரண்டு வருஷம் வரும். அதற்காக நம் அயலவரிடம் போய் "யாக்கோபுக்கு மகன் கிடைத்தான், உங்களுக்கும் கிடைப்பான்" என்று சொல்லிவிடாதீர்கள். அது எங்களுக்குக் கொடுக்கப்படாத வாக்கு. இருபத்திரண்டு வருஷம் ஆறுதலடையாத தகப்பனை ஆண்டவர் ஓர் இடத்திலாவது கடிந்துகொள்ளவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

மறுபடி மலைக்கு வருவோம். ரிஸ்பாள் அந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அரண்மனைக்குப் போகவில்லை, மனு எழுதவில்லை. அவள் செய்கிறது தாவீதுக்கு அறிவிக்கப்படுகிறது. அதன்பின் ராஜா தானே எழுந்து போகிறான். யாபேஸ் பட்டணத்தாரிடமிருந்து சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் எடுத்துக்கொண்டு வருகிறான். தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளும் சேர்க்கப்படுகின்றன. பென்யமீன் தேசத்துச் சேலாவில், சவுலின் தகப்பனாகிய கீசின் கல்லறையில் அடக்கம் நடக்கிறது. தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டருளினார் என்று வேதம் எழுதுவது இதற்குப் பிறகுதான். ஏழு பேரைக் கொன்றவுடன் அப்படி எழுதப்படவில்லை.

நம் நாட்டிலும் தாய்மார் உட்கார்ந்திருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய இருப்பு வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. திருக்கோவிலிலும் தாய்மார் படங்களோடு கூடினார்கள். காத்திருந்தபடியே கண்ணை மூடியவர்கள் பலர். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு 2016இல் சட்டம் வந்தது, 2018இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். பிள்ளை எங்கே என்ற கேள்விக்குப் பதில் பெற்ற தாயை எங்கள் பக்கத்தில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆனால் எல்லாப் பெண்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பம், ஆளைக் காணக் கிடைக்கவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. இறந்துவிட்டான் என்று ஒப்பமிடாமலே பிள்ளைகளின் காரியங்களையும் காணி, வங்கிக் காரியங்களையும் பார்க்க அது உதவும். பல விதவைகளுக்கு, விதவை என்று சொல்லவும் முடியாத பல மனைவிமாருக்கு, இது தெரியாது.

எங்கள் மகளிர் கூட்டத்தில் ரிஸ்பாளைப் படித்த பிறகு பெரிய தீர்மானம் ஒன்றும் எடுக்கவில்லை. பாட்டுப் பாடி, தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தோம். ஆனால் இப்போது யாராவது ஒரு தாய் படிவத்தோடு பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டி வந்தால் எங்களில் ஒருவர் கூடப் போகிறோம். வரிசையில் பக்கத்தில் உட்காருகிறோம். அந்தத் தாய் எந்தச் சமயம் என்று கேட்பதில்லை. யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தபோது நன்றாகத்தான் இருந்தார்கள், பேசத் தொடங்கிய பிறகுதான் கெடுத்தார்கள் என்று எங்கள் கூட்டத்து மூத்த அக்கா ஒருவர் சொல்லுவார். ஆகவே போகும்போது தண்ணீர்ப் போத்தலும் பேனையும் கொண்டுபோகிறோம், பிரசங்கம் கொண்டுபோவதில்லை. அயல்வீட்டு அம்மாவுக்குச் சான்றிதழ் விண்ணப்பம் நிரப்பியாயிற்று. மகன் கடைசியாக உடுத்திருந்த உடுப்பின் நிறத்தைக் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. நீலச் சாரம், வெள்ளைச் சேட்டு என்றார்.